மணிக்கட்டில் நான்கு விரல்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது சித்திரை வெயில் ஏறினாலே மூக்கில் ரத்தம் வந்துவிடும். சட்டையெல்லாம் கறை. தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், வெங்காயத்தை நசுக்கி மோந்து பார்க்கச் சொன்னார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஆயா என்னை வாணியம்பாடிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சந்துக்குள் பீங்கான் ஜாடிகளும் கண்ணாடிப் புட்டிகளும் அடுக்கிய சின்ன அறையில் யுனானி வைத்தியம் பார்க்கும் வயதான ஹக்கீம் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"கையைக் கொடு தம்பி" என்றார். ஆள்காட்டி விரல் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் நான்கு விரலையும் என் மணிக்கட்டில் வைத்தார். எங்கள் ஊர் வைத்தியர் மூன்று விரல்தான் வைப்பார், அதனால் அந்த நான்காவது விரல் எனக்கு விநோதமாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டார். ஆயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் இன்னொரு கையைத் தூக்கி நிறுத்தினார். ஒரு விரலை அழுத்துவார், இன்னொன்றைத் தளர்த்துவார், மறுபடி அழுத்துவார். அவ்வளவு நேரம் ஒரு பெரிய மனிதர் என்னை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது அதுவரை நடந்ததில்லை. அப்புறம், "ஒண்ணும் பயமில்லை அம்மா, சூடுதான்" என்று சொல்லி ஒரு புட்டி குல்கந்து கொடுத்தார். ரோஜா இதழும் சர்க்கரையும் வெயிலில் ஊறிக் கருஞ்சிவப்பாக இறுகியிருந்த குல்கந்து. தினம் காலையில் ஒரு ஸ்பூன்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தலைப்பாகை, கூரான தாடி, கையில் புத்தகம். அது யார் என்று ஆயா கேட்டாள். "ஷேக்-உர்-ரயீஸ். எங்க எல்லாருக்கும் உஸ்தாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இருந்தவரு" என்றார். அவர்தான் இப்னு சீனா, ஐரோப்பா அவிசென்னா என்று அழைத்த மனிதர் என்பது எனக்குத் தெரியவந்தது கல்லூரிக் காலத்தில்.

போன மாதம் ஒரு ராத்திரி, அந்த மனிதர் வரும் படத்தை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். 2013இல் ஜெர்மனியில் எடுத்த 'தி ஃபிசிசியன்'. நோவா கோர்டன் என்ற அமெரிக்கரின் நாவலைத் தழுவி ஃபிலிப் ஷ்டோல்ட்ஸ்ல் இயக்கியது. இப்னு சீனாவாக நடித்திருப்பவர் பென் கிங்ஸ்லி. நமக்கு அவர் காந்தி. குஜராத்தி வேர் கொண்ட தந்தைக்குப் பிறந்து கிருஷ்ண பான்ஜி என்ற பெயரோடு வளர்ந்தவர். பாரசீக அறிஞரின் வேடத்தில் அவர் வந்து நிற்கும்போது அந்தக் கண்ணில் ஒரு நிதானம் இருக்கிறது. அதற்காகவே படத்தைப் பார்க்கலாம்.

கதையின் நாயகன் இப்னு சீனா இல்லை, ராப் கோல் என்ற இங்கிலாந்துப் பையன். அம்மா வயிற்று வலியில் செத்துப்போகிறாள். ஒரு நாடோடி நாவிதரிடம் வேலைக்குச் சேர்ந்து பல் பிடுங்கவும் காயத்துக்குச் சூடு வைக்கவும் கற்கிறான். உலகத்திலேயே பெரிய மருத்துவர் பாரசீகத்தின் இஸ்ஃபஹானில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, யூதனாக வேடமிட்டுக் கடலையும் பாலைவனத்தையும் தாண்டிப் போகிறான். அங்கே கொள்ளைநோய் வருகிறது. ஒளித்துவைத்து ஒரு பிணத்தை அறுத்துப் பார்க்கிறான். பிடிபடுகிறான். அரசனுக்கே குடல்வால் வீங்கிவிட, குருவும் சீடனும் சேர்ந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறார்கள். முடிவில் நகரம் விழுகிறது. எரியும் நூலகத்தில் நஞ்சருந்தி, சீடனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இப்னு சீனா இறக்கிறார்.

விறுவிறுப்பாகத்தான் போகிறது. ஆனால் படம் முடிந்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்தப் பையனின் கை. சாகப்போகிறவரைத் தொட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அம்மாவைத் தொட்டபோது தெரிந்தது, பிறகு மற்றவர்களைத் தொடும்போதும் தெரிகிறது. பிறவியிலேயே வந்த வரம். படத்துக்கு ஒரு முடிச்சு வேண்டும், அதனால் வைத்தார்கள், சரி. ஆனால் இப்னு சீனா என்ற மனிதர் செய்ததே இதற்கு நேர்மாறான வேலை. தொடுகையை அவர் வரமாக வைத்திருக்கவில்லை. யார் உட்கார்ந்து பழகினாலும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தையாகப் பிரித்து எழுதிவைத்தார்.

அவருடைய 'கானூன்' ஐந்து பாகம் கொண்ட மருத்துவப் பெருநூல். அதில் நாடியைப் பார்க்கப் பத்து அளவுகோல் சொல்கிறார். நாளம் எவ்வளவு விரிகிறது, விரலை எவ்வளவு வலுவாகத் தட்டுகிறது, துடிப்பு எவ்வளவு நேரம், இடையில் ஓய்வு எவ்வளவு நேரம், நாளம் இறுக்கமா மெத்தென்றா, நிரம்பியிருக்கிறதா வெறுமையா, தொட்டால் சூடா குளிர்ச்சியா, துடிப்புகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, ஒழுங்கு தவறினால் அந்தத் தவறலுக்கே ஓர் ஒழுங்கு உண்டா, தாளம் எப்படி. இசையின் சந்தத்தோடு வைத்து நாடியை விளக்குகிற இடமும் அதில் உண்டு. இதில் பெரும்பகுதி கிரேக்க மருத்துவர் காலனிடமிருந்து வந்தது. அதை வகைப்படுத்தி, பாடமாக்கி, பின்னால் வருகிற ஒரு சாதாரண மாணவனின் விரலுக்கு எட்டும்படி வைத்தது இவர்.

சில நாடிகளுக்கு மிருகங்களின் பெயர். மான் நாடி, எறும்பு நாடி, புழு நாடி, எலிவால் நாடி. நம் சித்த மருத்துவத்தில் வாதம் அன்னம்போலும் மயில்போலும் நடக்கும், பித்தம் ஆமைபோலும் அட்டைபோலும் நகரும், ஐயம் தவளைபோலும் பாம்புபோலும் போகும் என்று சொல்வதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விரலுக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லவேண்டும் என்றால் எந்த ஊராக இருந்தாலும் ஓர் உயிரினத்தின் நடையைத்தான் காட்டவேண்டியிருக்கிறது போலும்.

வாணியம்பாடி ஹக்கீம் கண்ணை மூடிக்கொண்டு என் கையில் தேடியது இந்தப் பத்தையும்தான் என்று பல வருடம் கழித்து 'கானூன்' மொழிபெயர்ப்பைப் புரட்டியபோது புரிந்தது. படத்தில் இப்படி ஒரு காட்சி, ஒரு மூன்று நிமிடம், வைத்திருக்கலாம். குரு மாணவனின் விரலை எடுத்து நோயாளியின் கையில் வைத்து, "இப்போது என்ன தெரிகிறது?" என்று கேட்கிற காட்சி. கத்தியும் ரத்தமும் காட்டுவதைவிட அதில் பதற்றம் அதிகமாக இருந்திருக்கும்.

இப்னு சீனாவைப் படமாக்கியவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. அவர் பிறந்த புகாராப் பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. 1956இல் தாஷ்கந்து ஸ்டுடியோவில் காமில் யார்மாதோவ் 'அவிசென்னா' எடுத்தார். 1980களில் ஈரான் தொலைக்காட்சியில் தொடராக வந்தார். தஜிகிஸ்தான் தன் 20 சோமோனி நோட்டில் அவர் முகத்தை அச்சடிக்கிறது. உஸ்பெக்குகள், தஜிக்குகள், ஈரானியர் மூவருமே எங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். அப்படிக் கொண்டாட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் மனதில் ஓடுகிற படத்துக்குத் திரைக்கதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. முதல் பாதியை இப்னு சீனாவே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர், மீதியைத் தானே பார்த்து எழுதியவர், அவருடைய சீடர் அபூ உபைத் அல் ஜூஸ்ஜானி. அச்சில் சில பத்துப் பக்கம்தான் வரும். இவ்வளவு உயிருள்ள வாழ்க்கைக் குறிப்பை நான் அதிகம் படித்ததில்லை.

அது தொடங்குகிற விதத்தைப் பாருங்கள். 980ஆம் ஆண்டு வாக்கில் புகாராவுக்குப் பக்கத்தில் அஃப்ஷனா என்ற கிராமம். அப்பா பல்க் நகரத்துக்காரர், புகாராவை ஆண்ட சாமானியர் என்ற வம்சத்தின் அரசில் அதிகாரி. பத்து வயதுக்குள் குர்ஆன் முழுக்கப் பையனுக்கு மனப்பாடம். அப்புறம் கணக்குப் படிக்கவேண்டும். அப்பா அவனை அனுப்பியது பெரிய கணித ஆசிரியரிடம் இல்லை, இந்தியக் கணக்கு தெரிந்த ஒரு காய்கறிக்காரரிடம்! நம் பக்கத்திலிருந்து போன பத்து இலக்கமும் அவற்றை வைத்துப் போடும் கணக்கும் புகாராவின் காய்கறிக் கடைவரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. வெங்காயத்துக்கும் முள்ளங்கிக்கும் நடுவே உட்கார்ந்து, பின்னாளில் உலகமே படிக்கப்போகும் ஒரு மூளை சுழியத்தைக் கற்றுக்கொள்கிறது. அந்தக் காய்கறிக்காரரின் பெயரை அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

பிறகு நாதிலி என்ற ஆசிரியர் வீட்டுக்கே வந்து தர்க்கம் சொல்லித்தருகிறார். யூக்ளிடில் முதல் ஐந்தாறு கணக்கைத்தான் சொல்லித்தந்தார், மீதியை நானே போட்டுவிட்டேன் என்கிறான் பையன். மருத்துவம் கடினமான துறை இல்லை, சீக்கிரம் பிடிபட்டது என்கிறான். 16 வயதில் பெரிய மருத்துவர்கள் அவனிடம் வந்து படிக்கிறார்கள். இதெல்லாம் தற்பெருமையாகத் தோன்றும். ஆனால் அதே குரல் அடுத்து ஒரு தோல்வியைச் சொல்கிறது. அதைப் படித்தபிறகு எனக்கு அவர்மேல் வந்த பிரியம் போகவே இல்லை.

அரிஸ்டாட்டிலின் 'மெய்ப்பொருளியல்' அவனுக்குப் புரியவில்லை. 40 முறை படிக்கிறான். வரிக்கு வரி மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனாலும் இந்த மனிதர் என்ன சொல்ல வருகிறார் என்பது பிடிபடவில்லை. இது புரியவே போவதில்லை என்று கைவிட்டுவிடுகிறான். ஒருநாள் மாலை நேரம் புத்தகக் கடைத்தெருவில் நடக்கிறான். ஒரு தரகன் கையில் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கூவிக்கொண்டிருக்கிறான். பையன் எரிச்சலோடு வேண்டாம் என்கிறான். தரகன் விடவில்லை. "வாங்கிக்கொள், சொந்தக்காரருக்குப் பணம் தேவைப்படுகிறது, மலிவாகத் தருகிறேன், மூன்று திர்ஹம்தான்." வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், அதே அரிஸ்டாட்டில் நூலின் நோக்கம் என்ன என்பதை முந்தைய தலைமுறைத் தத்துவஞானி அல் ஃபாராபி விளக்கிய சிறு நூல். மூல நூல்தான் ஏற்கெனவே மனப்பாடமாயிற்றே. படித்த மாத்திரத்தில் எல்லாம் கடகடவென்று திறந்துகொள்கிறது. மறுநாள் ஏழைகளுக்குத் தருமம் செய்தேன் என்று முடிக்கிறார்.

நானும் பத்து வருடமாகப் புரியாமல் தூக்கிச் சுமந்த ஒரு புத்தகம் உண்டு. மூர் மார்க்கெட் நினைவாக இன்னும் நடக்கிற பழைய புத்தகக் கடைகளில் கை அழுக்காகத் தேடியதும் உண்டு. அதனால் அந்தத் தரகனின் குரல் எனக்குக் காதில் கேட்கிறது.

17 வயதில் சாமானியர் வம்சத்து அரசர் நூஹ் இப்னு மன்சூருக்கு உடம்பு சரியில்லாமல் போக, இவனையும் கூப்பிடுகிறார்கள். அரசரின் நூலகத்தைப் பார்க்க அனுமதி மட்டும் கேட்கிறான். அறை அறையாக, ஒவ்வொன்றிலும் பெட்டிமேல் பெட்டியாக நூல்கள். ஒன்றில் கவிதை, ஒன்றில் சட்டம், இப்படித் துறைவாரியாக. பலர் பெயர்கூடக் கேள்விப்படாத நூல்களை அங்கே பார்த்தேன், அதன்பிறகு நானும் பார்த்ததில்லை என்கிறார். 18 வயதில் கற்கவேண்டியதெல்லாம் முடிந்தது.

அப்புறம் தரை நழுவுகிறது. அப்பா இறக்கிறார், சாமானியர் அரசு சரிகிறது. "தேவை என்னை விரட்டியது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். குர்கஞ்ச், நசா, அபிவர்த், தூஸ், ஜாஜர்ம். போய்ச் சேர நினைத்தது ஜுர்ஜானில் இருந்த காபூஸ் என்ற அரசரிடம். அறிவாளிகளை ஆதரிக்கும் கவிஞர். இவர் போவதற்குள் காபூஸைச் சொந்த ஆட்களே சிறைபிடித்து, அங்கேயே அவர் இறந்துவிடுகிறார். போக்கிடம் இல்லாமல் நோயில் விழுந்து, திரும்ப ஜுர்ஜானுக்கு வரும் இவர் எழுதிய கவிதையில் ஒரு வரி எஞ்சியிருக்கிறது: நான் பெரியவனானபோது எந்த நகரமும் எனக்குப் போதவில்லை, என் விலை ஏறியபோது வாங்குவார் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஜூஸ்ஜானி வந்து சேர்கிறார். ஷேக் இப்னு சீனாவுக்கு அப்போது 32 வயது. 25 வருடம், கடைசிவரை, கூடவே இருந்தார். படம் எடுப்பவர்களுக்கு ஓர் இங்கிலாந்துப் பையனைக் கற்பனை செய்யவேண்டிய தேவையே இருந்திருக்காது. குருவோடு வேடமிட்டு நகரத்தை விட்டுத் தப்பியோடும் நிஜமான சீடர் ஒருவர் இங்கே இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஹமதான் வருடங்கள். அங்கே அமீர் ஷம்ஸ் உத் தவ்லாவுக்குக் கடுமையான வயிற்று வலி. இவர் குணப்படுத்த, அமீர் இவரையே வசீர், அதாவது தலைமை அமைச்சர், ஆக்கிவிடுகிறார். படைவீரர்கள் ஆத்திரத்தில் எழுந்து, வீட்டைச் சூழ்ந்து கொள்ளையடித்து, இவரைக் கொல்லவேண்டும் என்று அமீரிடம் கேட்கிறார்கள். அமீர் கொல்ல மறுத்து, பதவியை மட்டும் பறிக்கிறார். இவர் ஒரு நண்பர் வீட்டில் 40 நாள் ஒளிந்திருக்கிறார். அமீருக்கு மறுபடி வயிற்று வலி வருகிறது. ஆள்விட்டுக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, இரண்டாம் முறை வசீர் ஆக்குகிறார். படத்தில் இவரை எதிர்ப்பவர்கள் மதவெறியர்கள். ஜூஸ்ஜானியின் குறிப்பில் இந்த இடத்தில் வாசலில் நிற்பவர்கள் ராணுவத்தினர்.

பகல் முழுக்க அரசு வேலை. ராத்திரிதான் பாடம். மாணவர்கள் வீட்டில் கூடுவார்கள். நான் 'ஷிஃபா' நூலிலிருந்து வாசிப்பேன், என் முறை முடிந்ததும் இன்னொருவர் 'கானூன்' வாசிப்பார் என்கிறார் ஜூஸ்ஜானி. ஒன்று மெய்யியல், தர்க்கம், இயற்கை எல்லாவற்றையும் அடக்கும் கலைக்களஞ்சியம், இன்னொன்று மருத்துவம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ராத்திரியில், பக்கம் பக்கமாக வளர்கின்றன. முடிந்ததும் பாடகர்கள் வருவார்கள், மது வரும். சின்ன வயதிலும் ராத்திரி படிக்கும்போது கண்ணைச் சுழற்றினால் ஒரு கோப்பை மது குடித்துவிட்டுத் தொடர்வேன், தூங்கினால் கணக்கின் விடை கனவில் வரும் என்று சொன்னவர்தானே.

அமீர் இறந்தபிறகு புதியவர்களிடம் வேலை செய்ய இவருக்கு விருப்பமில்லை. இஸ்ஃபஹானுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதிவிட்டு, மருந்துச் சரக்கு விற்கும் அபூ காலிப் என்பவர் வீட்டில் மறைந்துகொள்கிறார். அந்த வீட்டில் நடந்ததைத்தான் நான் திரையில் பார்க்க ஏங்குகிறேன். 'ஷிஃபா'வை முடித்துவிடுங்களேன் என்று சீடர் கேட்கிறார். காகிதமும் மையும் கொண்டுவரச் சொல்கிறார் ஷேக். இரண்டு நாள், கையில் ஒரு நூலும் இல்லாமல், பார்த்து எழுத ஒரு குறிப்பும் இல்லாமல், சுமார் 20 சிறு கட்டுக் காகிதத்தில் எல்லாத் தலைப்புகளையும் எழுதி முடிக்கிறார். பிறகு அந்தக் கட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாக எடுத்து விரித்து எழுதுகிறார். நாளைக்கு 50 ஏடு. தெருவில் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே மருந்து மூட்டைகளின் வாசம், எழுதுகோலின் கீறல் சத்தம். தலைமறைவாக இருக்கிற ஒருவர் தன் உயிரைப் பற்றி யோசிக்காமல் மழை ஏன் பெய்கிறது, உயிர் என்பது என்ன என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டு ஃபர்தஜான் என்ற கோட்டையில் அடைக்கிறார்கள். உள்ளே போகும்போது ஒரு கவிதை: நான் நுழைவது நிச்சயம், கண்ணால் பார்க்கிறாய், வெளியே வருவதில்தான் சந்தேகமெல்லாம். நான்கு மாதம் சிறை. அங்கேயும் எழுதுகிறார், அதில் ஒன்று வயிற்று வலியைப் பற்றிய நூல். விடுபட்டு ஹமதானுக்கு வந்தபிறகு, அவரும் தம்பியும் ஜூஸ்ஜானியும் இரண்டு அடிமைகளும் சூஃபிகளின் உடையில் நகரத்தை விட்டு வெளியேறி இஸ்ஃபஹான் போய்ச் சேர்கிறார்கள்.

'ஷிஃபா'வில் உயிரைப் பற்றிய பகுதியில் வரும் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த மனமில்லை. ஒரு மனிதன் முழு வளர்ச்சியோடு திடீரெனப் படைக்கப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் மிதக்கிறான். கண் மறைக்கப்பட்டிருக்கிறது. காற்றுகூட மேலே படவில்லை. கையும் காலும் ஒன்றையொன்று தொடாமல் விரிந்திருக்கின்றன. தனக்கு உடம்பு இருப்பதே அவனுக்குத் தெரியாது. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்பதை அவன் அறிவானா? அறிவான் என்கிறார் இப்னு சீனா. தியேட்டர் இருட்டில் ஒலியும் அடங்கி, திரையும் கருப்பாகி, ஓர் அரை நிமிடம் நாம் அப்படியே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்! சினிமாவால் மட்டுமே செய்யமுடிகிற காரியம் அது.

இஸ்ஃபஹானில் நடந்த ஒரு சம்பவமும் அப்படியே படமாக்கத் தகுந்தது. அமீர் அலா உத் தவ்லாவின் சபையில் அபூ மன்சூர் என்ற மொழியறிஞர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: நீர் தத்துவஞானி, மருத்துவர், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அரபு மொழி நூல்களை நீர் கற்றவர் இல்லை. சுருக்கென்று தைத்துவிட்டது. மூன்று வருடம் சொல்லாமல் கொள்ளாமல் அகராதி படித்தார். யாருக்கும் தெரியாத அரிய சொற்களைப் போட்டு மூன்று பாடலும், பழைய ஆசிரியர்கள் மூவரின் நடையில் மூன்று கடிதமும் எழுதி, தோலால் கட்டி, அந்தத் தோலைத் தேய்த்துப் பழசாக்கினார். வேட்டைக்குப் போன இடத்தில் கிடைத்தது என்று அமீரே அதை அபூ மன்சூரிடம் கொடுத்தார். அவர் தடுமாறத் தடுமாற, "அந்தச் சொல் இன்ன நூலில் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஷேக் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, மன்னிப்புக் கேட்டார். மூன்று வருட உழைப்பும் ஒரு சொல்லைத் தாங்கமுடியாத மனசும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன. சுவரில் மாட்டிய படத்தில் இது தெரியாது.

அவருடைய சாவு படத்தில் வருவதுபோல் இல்லை. அமீரோடு போர்ப்பயணத்தில் இருக்கும்போது வயிற்று வலி வந்தது, அரசர்களுக்கெல்லாம் அவர் தீர்த்துவைத்த அதே வலி. படை பின்வாங்கவேண்டி வந்தால் தான் பின்தங்கிவிடக்கூடாதே என்ற பயத்தில் ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடல் புண்ணாகிவிட்டது. மருந்தில் இரண்டு தானக் அளவு செலரி விதை சேர்க்கச் சொன்னால், கூட இருந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். ஆறு தானக் ஒரு திர்ஹம், ஆகப் பதினைந்து மடங்கு. வேண்டுமென்று செய்தாரா தவறிச் செய்தாரா எனக்குத் தெரியாது, நான் அப்போது அவர் பக்கத்தில் இல்லை என்று எழுதுகிறார் ஜூஸ்ஜானி. 25 வருடத்தில் இந்த ஒரு வரியில்தான் அந்தச் சீடரின் குரல் உடைந்ததுபோல எனக்குக் கேட்கிறது. பணத்தைத் திருடிய வேலைக்காரர்கள், பிழைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று இன்னொரு மருந்தில் அபினை அதிகமாகக் கலந்தார்கள். என் உடம்பை ஆண்டுவந்த நிர்வாகிக்கு இனி ஆளமுடியவில்லை, இனி வைத்தியத்தால் பயனில்லை என்று சொல்லிவிட்டு மருந்தை நிறுத்திவிட்டார். 1037இல் ஹமதானில் இறந்தார்.

ஹமதானில் இன்று இருக்கும் நினைவிடத்தை வடிவமைத்தவர் ஹூஷங் செய்ஹூன் என்ற ஈரானியக் கட்டடக் கலைஞர். 1954இல் திறந்தார்கள். 12 தூண்கள் மேலே கூம்பாகச் சேரும் கோபுரம். அதற்கு மாதிரி எது தெரியுமா? 1006இல் காபூஸ் தனக்காகக் கட்டிக்கொண்ட, 53 மீட்டர் உயரமுள்ள செங்கல் கோபுரம். உயிரோடு இருந்தபோது போய்ச் சேரமுடியாத அந்தப் புரவலரின் நிழல், ஒன்பது நூற்றாண்டு கழித்து அவர் தலைக்கு மேல் வந்து நின்றிருக்கிறது.

'கானூன்' அதன்பிறகு வெகுதூரம் போயிற்று. 12ஆம் நூற்றாண்டில் டொலிடோவில் கிரேமோனாவின் ஜெரார்ட் லத்தீனில் பெயர்த்தார். 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருந்தது. 1593இல் ரோமில் அரபு மூலமே அச்சேறியது. கிழக்கே யுனானி என்ற பெயரில் தில்லிக்கும் ஹைதராபாத்துக்கும் வந்து, சென்னை அரும்பாக்கம் கல்லூரிக்கும் வாணியம்பாடிச் சந்துக்கும் வந்தது. வந்தது மட்டும் இல்லை, போனதும் உண்டு. யுனானிக் கடையில் 'இத்ரீஃபல்' என்று ஒரு லேகியம் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் திரிபலாதான். கடுக்காயும் நெல்லிக்காயும் தான்றிக்காயும் இங்கிருந்து கிளம்பிப் பாரசீகமும் அரபும் பேசிவிட்டு, வேறு பெயரோடு வீடு திரும்பியிருக்கின்றன.

ஆனால் ஒன்று தொலைந்துபோனது. தான் பார்த்த நோயாளிகள், தந்த வைத்தியம், கண்ட பலன் எல்லாவற்றையும் 'கானூன்' நூலில் சேர்க்கவேண்டும் என்று தனித் தாள்களில் குறித்துவைத்திருந்தார். நூல் முடிவதற்குள் அந்தத் தாள்கள் காணாமல் போய்விட்டன என்கிறார் ஜூஸ்ஜானி. எவ்வளவு மனிதர்கள் அதில் இருந்திருப்பார்கள். தன் நினைவிலிருந்து ஜூஸ்ஜானி இரண்டை மட்டும் மீட்டு எழுதிவைக்கிறார். முதலாவது ஷேக்கின் சொந்தத் தலைவலி. பனிக்கட்டியை நொறுக்கித் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாராம்.

இன்னொன்று, குர்கஞ்ச் இருந்த குவாரஸ்ம் நாட்டில் காசநோய் கண்ட ஒரு பெண். அவளிடம், வேறு எந்த மருந்தும் வேண்டாம், சர்க்கரையில் ஊறிய ரோஜாவை மட்டும் சாப்பிடு என்றார். நாளடைவில் நூறு மன் எடை அளவுக்கு அவள் சாப்பிட்டாள், குணமானாள்.

இதைப் படித்த அன்றைக்கு நான் எழுந்துபோய்ச் சமையலறையில் நின்றேன். சர்க்கரையில் ஊறிய ரோஜா என்றால் குல்கந்து. காசத்தை அது குணப்படுத்தாது என்று இன்றைய அறிவுக்குத் தெரியும், அவளுக்கு வந்தது என்ன நோயோ. எனக்கு நினைவுக்கு வந்தது பீங்கான் ஜாடிகளும், என் மணிக்கட்டின் நான்கு விரலும், ஸ்பூனில் ஒட்டிக்கொண்டு இறங்கமறுக்கும் அந்தக் கருஞ்சிவப்பும்தான்.

யாராவது அவரைப் பற்றி மறுபடி படம் எடுத்தால் அந்தப் பெண்ணிடமிருந்து தொடங்கட்டும். குவாரஸ்மில் ஒரு குளிர்கால வீடு. ஒட்டிய கன்னத்தோடு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வாசல் திரையை விலக்கிக்கொண்டு இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞன் வருகிறான், ஊரில்லாதவன், வழிநெடுக வந்த தூசி உடையில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டச் சொல்கிறான். வீட்டில் யாரோ ஏதோ சொல்ல வருகிறார்கள், இன்னொரு கையைத் தூக்கி நிறுத்துகிறான். விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறான்.